ஒளிக்க முடியாத நீளம்

ஞாயிற்றுக்கிழமை காலையில் தொலைபேசியை அணைத்து வைத்திருக்கும் ஆணை நான் நம்புவதில்லை. கோயிலுக்குப் போகிறவன் சத்தத்தைக் குறைத்து வைப்பான். நித்திரை கொள்கிறவனுடையது அடித்துக்கொண்டே இருக்கும். வாரம் தவறாமல் காலையிலிருந்து மத்தியானம் வரை ஒரு தொலைபேசி செத்துக் கிடக்கிறதென்றால் அங்கே ஏதோ இருக்கிறது. கலியாணம் செய்யப்போகிறேன் என்று என் மகள் கூட்டிக்கொண்டு வந்த பெடியனின் தொலைபேசி அப்படித்தான் கிடந்தது.

பெடியன் கோயம்புத்தூர்க்காரர். சிட்னியில், பரமட்டாவில் ஒரு கொம்பனியில் கணினி வேலை; அங்கேயே ஒரு மாடிக் கட்டடத்தில் தனியாக ஃபிளாற் எடுத்து இருந்தார். நாங்கள் யாழ்ப்பாணத்து ஆட்கள், பென்டில் ஹில்லில் வீடு. இந்தியா, இலங்கை என்பதில் எனக்கு ஒரு பிரச்சினையும் இருக்கவில்லை. பிரச்சினை என்னவென்றால் அந்தப் பெடியனில் ஒரு பிழையும் கண்டுபிடிக்க முடியவில்லை. குடிப்பதில்லை. சாப்பிட்ட கோப்பையைத் தானே கழுவி வைக்கிறார். இவரோடு, அதாவது என் கணவரோடு, கிரிக்கெட் பற்றி மணிக்கணக்கில் கதைக்கிறார். இவர் சொல்லும் அறுவைக் கதைகளுக்கெல்லாம் சரியான இடத்தில் சிரிக்கிறார். ஒரு மனிதன் இவ்வளவு நல்லவனாக இருந்தால் நான் இரண்டு தரம் பார்ப்பேன்.

அதற்கு என் வேலையும் ஒரு காரணம். வெஸ்ட்மீட்டில், ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறவள் நான். குளியலறையில் வழுக்கி விழுந்தேன் என்று சொல்லி வரும் பெண்களின் கையெலும்பைப் படமெடுத்திருக்கிறேன். வழுக்கி விழுந்தால் எலும்பு ஒரு மாதிரி முறியும், ஒருவன் பிடித்து முறுக்கினால் வேறு மாதிரி முறியும். வெளியே கதிரைகளில் அந்தப் பெண்களின் கணவன்மார் காத்திருப்பார்கள். நல்ல உடுப்புப் போட்டு, எனக்கு நன்றி சொல்லி, மனைவியின் கைப்பையைத் தாங்களே தூக்கிக்கொண்டு போவார்கள். எனக்கு இருப்பது ஒரே ஒரு பிள்ளை. அவளுடைய கையை அந்த மேசையில் வைத்து நான் படமெடுக்கும்படி வந்துவிடக்கூடாது. என் பயம் அதுதான், வேறொன்றுமில்லை.

ஒரு ஞாயிறு பெடியனை மத்தியானச் சாப்பாட்டுக்கு வரச்சொல்லியிருந்தோம். வாசலில் குனிந்து சப்பாத்தைக் கழற்றும்போது அவருடைய ஜாக்கெட்டிலிருந்து ஒரு மணம் வந்தது. மெல்லிய மணம்தான். என் வயதில், எங்கள் ஊரில் வளர்ந்த எவருக்கும் அந்த மணத்தை அடையாளம் சொல்லத் தேவையில்லை. வெடிமருந்து.

"தம்பி, எங்கையிருந்து வாறியள்?" என்று கேட்டேன்.

"கிளப்ல இருந்துங்க ஆன்ட்டி."

மேற்குச் சிட்னியில் கிளப் என்றால் காசு விழுங்கும் சூதாட்ட மெசின்கள் வரிசையாக நிற்கும் இடம். ஆனால் மெசினிலிருந்து இந்த மணம் வராது.

"என்ன கிளப்?"

"அம்மா, நொட் நவ்," என்று மகள் குசினிக்குள்ளிருந்து கத்தினாள். அவள் அப்படிச் சொன்னால் அதை உடனே கேட்கவேண்டும் என்று அர்த்தம். நான் பெடியனின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"பிஸ்டல் கிளப்புங்க," என்றார் அவர். "ரேஞ்சுக்குள்ள போனைக் கொண்டு போக மாட்டேனுங்க. ஆஃப் பண்ணி கார்லயே வெச்சிருவேன்."

இவர் சோபாவில் இருந்து எழும்பியே விட்டார். "சுடுறனியளோ?" என்று கேட்டேன். கேட்கும்போதே என் குரல் எனக்குப் பிடிக்கவில்லை.

"ஆமாங்க. பேப்பர் மேலதான். டார்கெட்."

"பேப்பரிலை சுடப் பழகினவர் பேப்பரோடை நிப்பாரோ?"

அவர் பொறுமையாக எல்லாம் சொன்னார். லைசென்ஸ் இருக்கிறது. ஃபிளாற்றில் இரும்புப் பெட்டி சுவரோடு பூட்டியிருக்கிறது. பொலிஸ் வந்து அதை ஆட்டிப் பார்த்துவிட்டுப் போவார்கள். வருஷத்தில் இத்தனை தரம் சுடவேண்டும் என்று கணக்கு, சுடாவிட்டால் லைசென்ஸ் போய்விடும். எல்லாம் ஒழுங்காக, ஒரு இடத்திலும் தடக்குப்படாமல் சொன்னார். அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை. இவ்வளவு வடிவாகச் சொல்கிறவர் இதை எத்தனை வீட்டில் சொல்லிப் பழகியிருப்பார் என்றுதான் யோசித்தேன். அவர் போனபிறகு மகளிடம் சொன்னேன்: துவக்கு வைத்திருக்கிறவனுக்கு நான் பெண் கொடுக்கமாட்டேன்.

"நீங்கள் குடுக்கத் தேவையில்லை, ஐ ஆம் நொட் எ பார்சல்," என்றாள் அவள். பிறகு அழுதாள். பிறகு, சனிக்கிழமை அவர் புதுப் பிஸ்டல் ஒன்றை எடுக்கக் கடைக்குப் போகிறார், நீங்களும் வந்து உங்கள் கண்ணாலேயே பாருங்கோ என்றாள். அவ்வளவுக்கு வந்தபிறகு நான் போகாமல் இருப்பேனா?

கடை ஒரு கார் திருத்துமிடத்துக்குப் பக்கத்தில் இருந்தது. வெளியே ஒரு கம்பிக் கதவு, உள்ளே இன்னொன்று. கடைக்காரர் நரைத்த தாடி வைத்த வெள்ளைக்காரர். பெடியன் போகும் கிளப்பின் செயலாளரும் அவர்தான் என்று மகள் சொன்னாள். கண்ணாடி மேசையில் ஒரு துணியை விரித்து அதன் மேல் பிஸ்டலை எடுத்து வைத்தார். பார்த்ததும் ஒன்று புரிந்தது. பிடி இருக்கிறது, உடம்பு இருக்கிறது, ஆனால் முன்னாலுள்ள குழாய் மட்டும் உடம்பைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. அளவெடுக்கத் தெரியாத தையற்காரன் சட்டைக்குக் கை தைத்தது போல.

"ஏன் தம்பி இது இப்பிடி?"

பெடியனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சட்டங்க ஆன்ட்டி. தானா தோட்டா ஏத்திக்கற பிஸ்டல்னா குழாய் நூத்தியிருவது மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது. ரிவால்வர்னா நூறு. அமெரிக்காவுல எங்க சித்தப்பா பையன் இதே மாடல்தான் வெச்சிருக்கான், பாருங்க." தொலைபேசியில் ஒரு படத்தைக் காட்டினார். அதே உடம்பு, அதே பிடி. மூக்கு மட்டும் மொட்டை. "அதை இங்க எங்களை மாதிரி ஆளுங்களுக்கு விக்கவே முடியாதுங்க. அதனால இந்த ஊருக்குன்னு நீளக் குழாய் போட்டு அனுப்பறாங்க."

குழாய் மட்டுமல்ல. தோட்டா அடுக்கும் பெட்டியையும் கடைக்காரர் எடுத்துக் காட்டினார். வெளிநாட்டில் அதற்குள் பதினேழு போகுமாம். இங்கே பத்துக்கு மேல் ஏறாதபடி உள்ளே அடைத்து விட்டிருந்தார்கள். குழாயின் துளை அங்குலத்தில் .38க்கு மேல் போகக்கூடாது. பெரிய துளை வேண்டுமென்றால் குறிப்பிட்ட சில போட்டிகளுக்கென்று தனியாக அனுமதி எடுக்கவேண்டும். மெல்பேர்னுக்குப் போட்டிக்குக் கொண்டுபோவதென்றால் அந்த மாநிலத்துச் சட்டத்தையும் பார்த்துக்கொள்ளவேண்டும். ஒரு பொருளைச் செய்கிறவன் எங்கேயோ இருக்கிறான். அதன் மூக்கும் வயிறும் எவ்வளவு என்று தீர்மானிக்கிறவன் இங்கே இருக்கிறான். எனக்கு அது விசித்திரமாக இருந்தது.

"நீளமாக இருப்பதால் யாருக்கு என்ன லாபம்?" என்று கடைக்காரரிடம் கேட்டேன்.

அவர் தன் சட்டையின் ஓரத்தைப் பிடித்து ஒருதரம் ஆட்டிக் காட்டினார். "இதற்குள் ஒளிக்க முடியாது, மடம். அவ்வளவுதான்."

நான் அந்தச் சட்டை ஓரத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஊரில், நான் சின்னப் பிள்ளையாக இருந்த சண்டைக் காலத்தில், என் அண்ணாவைக் கூட்டிக்கொண்டுபோக வந்தவர்கள் இரண்டு பேர். மத்தியானம், நல்ல வெயில். கூட்டாளிகள் என்றுதான் சொன்னார்கள். அம்மா உள்ளே வரச்சொல்லி, கதிரை போட்டு, தேத்தண்ணி கொடுத்தார். ஒருவர் சீனி இன்னும் கொஞ்சம் வேண்டும் என்று உரிமையோடு கேட்டார். இரண்டு பேரும் சட்டையை வெளியே விட்டிருந்தார்கள். ஒரு கதை கதைக்கவேணும், இப்ப கொண்டுவந்து விட்டிடுவம் என்று அம்மாவிடம் சொன்னார்கள். அண்ணா ஒருவருடைய சைக்கிள் பாரில் ஏறி இருந்தார். மற்றவர் காலைத் தூக்கிப் போட்டுத் தன் சைக்கிளில் ஏறும்போது சட்டை ஒருதரம் மேலே போனது. இடுப்பில், தோலோடு ஒட்டிக்கொண்டு, உள்ளங்கை அளவில் ஒரு சின்னச் சாமான். அம்மாவும் கண்டார். அம்மா வாசல் படலைக்கு ஓடிவருவதற்குள் சைக்கிள்கள் ஒழுங்கை முடக்கால் திரும்பிவிட்டன. அண்ணா திரும்பி வரவே இல்லை. வந்தவர்கள் யார், எந்தப் பக்கத்து ஆட்கள் என்பது இன்றைக்கும் எங்களுக்குத் தெரியாது.

அந்தக் கடையில் நின்று நீளக் குழாயைப் பார்த்தபோது எனக்கு ஒரே யோசனைதான். இது இவ்வளவு நீளமாக இருந்திருந்தால் படலையடியிலேயே தெரிந்திருக்கும். மகன் வீட்டில் இல்லை என்று அம்மா சொல்லியிருப்பார். தேத்தண்ணி கொடுத்திருக்கமாட்டார். ஒரு அடிமட்டத்தை வைத்து அளந்து இப்படியொரு சட்டம் போடலாம் என்று எந்த அரசாங்கத்துக்காவது தோன்றும் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். ஆத்திரமாக வந்தது. யார் மேல் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

ஆனால் ஆத்திரம் வந்தாலும் நான் நான்தானே. அளவு போட்டுவிட்டால் ஆயிற்றா? கடையில் வாங்குகிறவனுக்குத்தான் அளவு. வீட்டுக்குக் கொண்டுபோன பிறகு?

"வீட்டில் இரும்பறுக்கும் வாள் இருந்தால் இந்தக் குழாயை அறுத்துச் சின்னதாக்கலாமா?" என்று கடைக்காரரைக் கேட்டேன்.

அவருடைய சிரிப்பு போய்விட்டது. பிஸ்டலைத் துணியோடு சேர்த்துத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "ஏன் கேட்கிறீர்கள்?"

"சும்மா அறியத்தான்."

"அறுத்தால் மறியல், மடம். கம்பி எண்ணவேண்டும்," என்றார். என்னை மேலும் கீழும் பார்த்தார். சேலை உடுத்து, கைப்பையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நிற்கிற ஒருத்தியிடமிருந்து அவர் அந்தக் கேள்வியை எதிர்பார்க்கவில்லை போலும். பெடியனுக்கு நெற்றியெல்லாம் வியர்த்துவிட்டது. வரப்போகிற மாமியார், கொஞ்சம் பயந்த ஆள் என்று ஏதோ சொல்லிச் சமாளித்தார்.

திரும்பி வரும்போது காரில் நான் யோசித்துக்கொண்டு வந்தேன். எங்கள் ஊரில் பெண் கொடுப்பதற்கு முதல் விசாரிப்பார்கள். பெண்ணின் தகப்பனோ மாமனோ மாப்பிள்ளையின் ஊருக்குப் போய், சந்தியில் இருக்கும் தேத்தண்ணிக் கடையில் இருந்துகொண்டு, இன்னாருடைய பெடியன் எப்படி என்று கதையோடு கதையாகக் கேட்பார்கள். இங்கே நான் எங்கே போய்க் கேட்பது? அவர் இருக்கும் மாடிக் கட்டடத்தில் பக்கத்து வீட்டுக்காரனுக்கு அவருடைய பெயர் தெரியாது. வேலைத்தலத்தில் கேட்க முடியாது. கூட்டாளிகளைக் கேட்டால் "தங்கமான பையனுங்க" என்று ஒரே பாட்டு. வருஷக்கணக்கில் அந்தப் பெடியனைக் கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தவர்கள் என்று யாராவது இருந்தால் அது அந்தத் துவக்குக்காரர்கள்தான். ஆள் எப்படிப்பட்டவர் என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்று சட்டமே அவர்களுக்குச் சொல்லியிருக்கிறது. எனக்கு லீவு இருந்த ஒரு நாளில் ஒருவருக்கும் சொல்லாமல் தனியாகக் கடைக்குப் போனேன்.

கடைக்காரர் என்னைக் கண்டதும் எழும்பி நின்றார்.

"அந்தப் பெடியனைப் பற்றிக் கொஞ்சம் கேட்கவேண்டும்," என்றேன். "கோபம் வருமா?"

"நான் கண்டதில்லை."

"குடிப்பாரா?"

"குடித்துவிட்டு வந்தால் உள்ளே விடமாட்டோம்."

"போட்டியில் தோற்றால் கத்துவாரா?"

"அவர் அடிக்கடி தோற்பவர், மடம். பழகிவிட்டது."

இதுதான் எனக்கு வேண்டாத பதில். எல்லாரும் நல்லது மட்டும் சொன்னால் நான் எப்படி நம்புவது? அதனால் எங்கள் ஆட்கள் எல்லாரும் செய்வதை நானும் செய்தேன். போட்டு வாங்கப் பார்த்தேன். ஒன்றும் தெரியாவிட்டாலும் தெரிந்த மாதிரி ஒரு கதையை எடுத்து விடுவது. எதிரே இருப்பவர் குரலைத் தாழ்த்தி "ஓ, அது உங்களுக்கும் தெரியுமோ" என்று மிச்சத்தைக் கொட்டிவிடுவார். எங்கள் சந்தியில் இது ஒருநாளும் தவறியதில்லை.

"நான் சில விஷயம் கேள்விப்பட்டேன்," என்றேன். "நீங்கள் மறைக்கிறீர்கள்."

அவர் குரலைத் தாழ்த்தத்தான் செய்தார். "உங்கள் மகளுக்கு ஏதாவது செய்துவிட்டாரா?"

ஆகா, வருகிறது என்று நினைத்தேன். "அதை நீங்கள்தான் சொல்லவேண்டும்," என்றேன். அது வசந்த காலம் வேறு. சிட்னியில் மரமெல்லாம் பூக்கிற காலத்தில் என் கண்ணும் மூக்கும் ஓடிக்கொண்டே இருக்கும். நான் மூக்கைத் துடைக்க, அவர் கடதாசிக் கைக்குட்டைப் பெட்டியை என் பக்கம் மெதுவாகத் தள்ளிவிட்டார். வேறொன்றும் சொல்லவில்லை. அழுத்தக்காரன் என்று மனதுக்குள் திட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

அந்த வாரமே ஒரு பின்னேரம் மகள் வேலையால் வந்து, சப்பாத்தும் கழற்றாமல் நடு வீட்டில் நின்றாள். பெடியனின் ஃபிளாற்றுக்குப் பொலிஸ் போயிருக்கிறார்கள். பெட்டியைத் திறக்கச் சொல்லி, பிஸ்டல்களை எல்லாம் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். லைசென்ஸும் நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது.

"பாத்தியோ!" என்று கையைத் தட்டினேன். "பொலிஸ் சும்மா வருமோ? நான் அப்பவே சொன்னனான்!"

"அம்மா, யாரோ ரிப்போர்ட் பண்ணியிருக்கினம். ஹீ இஸ் ஹர்ட்டிங் மீ எண்டு."

நான் தட்டிய கை அப்படியே நின்றது. இவர் டீவியின் சத்தத்தை நிறுத்தினார். "நீ எங்கையும் போய் வாயைக் குடுத்தனியோ?" என்று மெதுவாகக் கேட்டார்.

"விசாரிச்சனான்," என்றேன்.

"ஆரிட்டை?"

"துவக்குக் கடையிலை."

இவர் தலையில் கை வைத்துக்கொண்டு இருந்துவிட்டார். மகள் கத்திய கத்தலை இங்கே எழுத முடியாது. பெடியனுடைய குடியுரிமை விண்ணப்பம் அந்த நேரத்தில் உள்ளே இருந்தது. இப்படியொரு முறைப்பாடு அதையும் முடக்கலாம், அவருடைய பெயரே கெட்டுப்போகலாம் என்றாள். அவருக்கு ஏதும் நடந்தால் இந்த வீட்டு வாசற்படி மிதிக்கமாட்டேன் என்றாள். தாய் விசாரித்தது பிழை என்று நான் அன்றைக்கும் ஒப்புக்கொள்ளவில்லை, இன்றைக்கும் ஒப்புக்கொள்ளமாட்டேன். ஆனால் பிள்ளையைக் காப்பாற்றப் போய் பிள்ளையை இழக்கப்போகிறேனோ என்று பயந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பெடியன் வந்தார். சுடப்போக வழியில்லை, காலையிலேயே வந்துவிட்டார். கதிரையில் இருக்கச் சொன்னேன், இருக்கவில்லை. கதிரையின் முதுகை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஏனுங்க ஆன்ட்டி, எங்கிட்டயே நேராக் கேட்டிருக்கலாமல்ல?" குரல் உயர்ந்தது. அவருடைய குரல் உயர்ந்து நான் முதன்முதல் கேட்டது அன்றைக்குத்தான். "உங்க பொண்ணை நான் அடிப்பேன்னு நினைச்சீங்களா? வீட்டுக்கு போலீஸ் வந்துச்சுன்னு எங்கம்மாகிட்ட நான் எப்படிச் சொல்றது?"

"நினைச்சனான் தம்பி," என்றேன். "அதுதான் கேட்டனான்."

அவருக்கு முகம் சிவந்துவிட்டது. நான் முகத்தைப் பார்க்கவில்லை, கையைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன். விரல் கணுவெல்லாம் வெளுத்து, கதிரை ஆடியது. என் கண் எங்கே நிற்கிறது என்று அவர் கண்டுகொண்டார். கதிரையை விட்டார். பின்வளவுக்குப் போய், கறிவேப்பிலை மரத்தடியில் இவரோடு நின்றார். எனக்கு அழுகை வந்தது. ஏன் என்று அப்போது யோசிக்க நேரமிருக்கவில்லை, ஏனென்றால் வாசல் மணி அடித்தது.

பொலிஸ் இரண்டு பேர். வயதில் மூத்த பெண் ஒருவர், இளைஞர் ஒருவர். என்னோடு தனியாகக் கதைக்கவேண்டும், மற்றவர்கள் எல்லாம் வெளியே இருக்கட்டும் என்றார்கள். மகளும் பின்வளவுக்குப் போனாள். போகும்போது என்னைப் பார்த்த பார்வையில் கெஞ்சலும் இருந்தது, வெறுப்பும் இருந்தது.

கடைக்காரரிடம் என்ன சொன்னீர்கள் என்று அந்தப் பெண் கேட்டார். நான் ஆஸ்பத்திரியில் இங்கிலிசில் வேலை செய்கிறவள், எனக்கு ஒரு பயமும் இல்லை. சொன்னதை அப்படியே சொன்னேன்.

"என்ன விஷயங்களைக் கேள்விப்பட்டீர்கள்?"

"ஒன்றையும் கேள்விப்படவில்லை."

கூட வந்த இளைஞர் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

"அப்படியென்றால் அது பொய்யா?"

"பொய் இல்லை. விசாரணை. தெரிந்த மாதிரிக் கேட்டால்தான் மற்றவர் உண்மை சொல்லுவார். நீங்களும் அப்படித்தானே கேட்கிறீர்கள்?"

அந்தப் பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டதை நான் கண்டேன். "அவரைப் பற்றி யாராவது கெட்டதாக ஏதும் சொன்னார்களா?"

"ஒருவரும் சொல்லவில்லை. அதுதான் எனக்குச் சந்தேகம்."

மகளின் உடம்பில் காயம் கண்டீர்களா, அழுதுகொண்டு வந்தாளா, அவரோடு போகப் பயந்தாளா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். இல்லை, இல்லை, இல்லை. பிறகு அவர் கொஞ்சம் முன்னால் குனிந்து, என் கண்ணைப் பார்த்துக் கேட்டார்: "உங்களுக்கு அவரைப் பார்த்துப் பயமாக இருக்கிறதா? பயமென்றால் சொல்லுங்கள். துப்பாக்கிகள் அவரிடம் திரும்பிப் போகாது."

அண்ணா போன பிறகு என்னையும் கையில் பிடித்துக்கொண்டு அம்மா ஏறாத முகாம் வாசல் இல்லை. ஒவ்வொரு வாசலிலும் துவக்கோடு ஒருவன் நின்றான். பெயரென்ன, எந்த ஊர், மகன் எந்த இயக்கம், ஏன் வந்தாய் என்று அம்மாவைக் கேட்டார்கள். உனக்குப் பயமாக இருக்கிறதா என்று ஒருவனும் கேட்கவில்லை. துவக்கு வைத்திருந்த எவனும் அம்மாவின் பதிலுக்காகக் காத்திருக்கவில்லை. இங்கே ஒரு அரசாங்கம் என் வீட்டுச் சோபாவில் வந்து இருந்து, நான் ஓம் என்று சொல்கிறேனா, இல்லை என்று சொல்கிறேனா என்று பார்த்துக்கொண்டிருக்கிறது. ஒரு மாதத்துக்கு முன்னால் என்றால் யோசிக்காமல் ஓம் என்றிருப்பேன். பிஸ்டலும் போயிருக்கும், கலியாணமும் போயிருக்கும்.

நான் விம்மி விம்மி அழுதேன். அழுகைச் சத்தம் கேட்டு மகள் கதவைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்தாள். பின்னாலே பெடியனும் வந்து கதவடியில் நின்றார். எனக்கு இங்கிலிஸ் வரவில்லை. அத்தனை கேள்விக்கும் வந்தது, இதற்கு மட்டும் வரவில்லை. மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, அந்தப் பெண்ணைப் பார்த்துத் தமிழிலேயே சொன்னேன்.

"எழுதுங்கோ, எனக்கு இந்தப் பெடியனிலை பயமில்லை எண்டு. எடுத்ததைத் திருப்பிக் குடுங்கோ. ஆனா இதோடை விட்டிடாதேங்கோ. கலியாணம் முடிஞ்சாப்பிறகும் வாங்கோ, பிள்ளை பிறந்தாப்பிறகும் வாங்கோ. வந்து இதே கேள்வியைக் கேளுங்கோ. என்னட்டை இல்லை, இவளிட்டை. இவர் பக்கத்திலை இல்லாத நேரமாப் பாத்து, தனியக் கேளுங்கோ."

என்ன சொல்கிறார் என்று பொலிஸ் மகளைக் கேட்டார். மகள் சொல்லத் தொடங்கினாள். பயமில்லை என்கிறார் என்றது வரை சொன்னாள், திருப்பிக் கொடுக்கச் சொல்கிறார் என்றாள், அதற்கு மேலே சொல்லாமல் என் கையை இறுக்கிப் பிடித்தாள். அவள் விட்ட மிச்சத்தைக் கதவடியில் நின்ற பெடியன் இங்கிலிசில் எடுத்துச் சொன்னார். நீ சொல்லாதே என்பது போல அந்தப் பெண் கையை உயர்த்தினார். சொல்லட்டும் என்று நான் தலையாட்டினேன்.

கலியாணத்துக்குப் பிறகும் என்றார். பிள்ளை பிறந்த பிறகும் என்றார். நான் இல்லாத நேரமாகப் பார்த்து அவளைத் தனியாகக் கேளுங்கள் என்கிறார் என்றும் சொன்னார். ஒரு சொல்லையும் விழுங்கவில்லை. நான் கவனமாகக் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன்.